படம் வராவிட்டால் போகட்டும், படங்களைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் கதையைப் படமாக எடுப்பதாகச் சொல்லி ஊரார் பணத்தில் கேமராவோடு வந்துபோன படக்குழுவினருக்கும், அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொண்ட இணையதளத்தை நடத்துகிறவர்களுக்கும்,

நீலகிரி மலையில், பந்தலூர் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். என்னை உங்களுக்கு நினைவிருக்கும். 2021 நவம்பரில், மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம் கடைக்குள் நுழைந்து, லென்ஸ் துடைக்க ஒரு துணி கேட்டீர்கள். அன்றிலிருந்து உங்களைத் தம்பி, தங்கச்சி என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இந்த மடலில் அப்படி எழுதக் கை வரவில்லை. குழுவின் பெயரையோ தளத்தின் பெயரையோ இங்கே போடவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் நோட்டில் பெயர் இருக்கிற 61 வீட்டுக்கும் தெரியும்.

கிட்டத்தட்ட மூன்று வருடம் வெளியில் பேசாமல் இருந்தவன் இப்போது எழுதக் காரணம், போன மாதம் போனுக்கு வந்த ஒரு லிங்க். கொளப்பள்ளியிலிருந்து ஒரு பையன் அனுப்பியிருந்தான். "அண்ணே, நம்ம படம் வந்துருச்சு போல" என்று கூடவே ஒரு வரி. கடையில் நின்றுகொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திறந்தேன். நம்ம படம் இல்லை. அதே தளத்தில், வேறொரு மலையைப் பற்றி, வேறொரு படத்துக்கு நீங்கள் புதிதாக நிதி கேட்கிறீர்கள். அந்த இரண்டு நிமிட வீடியோ எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பெரியம்மாவின் கையில் தொடங்குகிறது. கொழுந்து கிள்ளுகிற கை, கட்டைவிரல் நகம் பிளந்த கை. அதன் கீழே "எங்கள் முந்தைய படைப்பிலிருந்து" என்று எழுத்து ஓடுகிறது.

அந்த முந்தைய படைப்பு எங்கே?

மற்றவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். நாங்கள் சிலோன்காரர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் எங்களை அப்படித்தான் சொல்வார்கள். அரசாங்கக் காகிதத்தில் தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து, 1974-ல், ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு சரியாக வந்தது. கணக்கில் இருந்த ஆட்களை மட்டும் யாரும் கேட்கவில்லை.

என் அப்பாயி கண்டியில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வாங்கி, தலைமன்னார் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கியவர். ரயிலை அவர் கோச்சி என்றுதான் சொல்வார். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் அழுத அழுகையில் அதற்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்களாம். மண்டபம் முகாமில் சில நாள். அப்புறம் லாரியில் ஏற்றி இந்த மலைக்கு. எங்களை மாதிரி ஆட்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் அரசாங்கம் இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அங்கே விட்டு வந்தது தேயிலை, இங்கே வந்து நட்டதும் தேயிலை. பெரியம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.

நீங்கள் வந்தபோது கேட்டது நியாயமான கேள்வி. கப்பலில் வந்தவர்களில் அன்று பெரியவர்களாக இருந்த யாரும் இன்னும் அதிக நாள் இருக்கப்போவதில்லை, அவர்கள் குரலைப் பதிவு செய்ய வேண்டாமா என்றீர்கள். வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு இலங்கையில் ஹட்டன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தயாரிப்பாளர் பின்னால் போனால் கதையை மாற்றச் சொல்வார், அதனால் மக்களிடமே பணம் திரட்டுகிறோம் என்றீர்கள். கிரவுட் ஃபண்டிங் என்ற சொல்லை அன்றைக்குத்தான் எங்கள் ஆட்களில் பலர் கேள்விப்பட்டார்கள். பெரியம்மா கேட்டார்: "மொய் மாதிரியாப்பா?" நீங்கள் கை தட்டிச் சிரித்து, "அதேதான் பாட்டி" என்றீர்கள்.

அதேதான் என்று சொல்லியிருக்கக் கூடாது. மொய் எழுதுகிறவனுக்கு விசேஷம் எந்த மண்டபத்தில் என்று தெரியும். மாப்பிள்ளை யார் என்று தெரியும். எழுதிய நோட்டு வீட்டில் இருக்கும். நாளைக்கு நம் வீட்டில் விசேஷம் என்றால் அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கல்யாணத்தையே காணோம் என்பது மொய்யில் கிடையாது.

உங்கள் பிரச்சார வீடியோவில் இன்னொன்றும் சொன்னீர்கள். 1976-ல் வந்த மந்தன் படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள், படத்தின் ஆரம்பத்தில் அந்த விவசாயிகள்தான் தயாரிப்பாளர்கள் என்று போட்டிருக்கும் என்றீர்கள். உண்மைதான். எனக்கு அன்று மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அதன் இயக்குநர் ஷியாம் பெனகல் அந்த இரண்டு ரூபாயை வாங்கிக்கொண்டு படத்தை எடுத்தார், வெளியிட்டார். உதாரணம் காட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பணம் வந்த விதத்தைச் சொல்கிறேன். 45 நாளில் 6 லட்சம் கேட்டீர்கள். கடைசியில் 412 பேரிடமிருந்து 6,84,000 ரூபாய் சேர்ந்ததாகப் பக்கத்தில் காட்டியது. பெரும்பகுதி சென்னை, பெங்களூர், வெளிநாட்டு ஆட்கள் போட்டது. அவர்கள் கார்டைத் தட்டினால் போயிற்று. இங்கே அப்படி இல்லை. சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் அந்தத் தளத்தைத் திறக்கவே சிக்னல் கிடைக்காது. அதனால் நான் இடையில் நின்றேன். கூலி வாங்குகிற அன்றைக்குக் கடைக்கு வந்து நூறு, இருநூறு, ஐந்நூறு என்று பல தடவையாகக் கொடுத்தார்கள். ஐந்நூறு என்பது அப்போது ஒரு நாள் கூலிக்கு மேல். கோடு போட்ட நோட்டில் பெயர் எழுதி, பணத்தை என் கணக்கிலிருந்து கட்டினேன். 61 வீடு, 38,500 ரூபாய். ஒரு அக்கா முட்டை விற்ற காசைச் சில்லறையாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எண்ணி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பேரு திரையில வரும்ல?"

வரும் என்றேன். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன்.

2022 பிப்ரவரியில் வந்து பதினெட்டு நாள் தங்கிப் படம் பிடித்தீர்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பனியில் காலை ஐந்து மணிக்கு எழுந்து லயத்துக்கு நடந்தீர்கள். யானை நிற்கிறது என்று சொன்னால் திரும்பி வந்தீர்கள். பெரியம்மா ஒரு கேள்விக்கு அழுதபோது கேமராவை நிறுத்தினீர்கள். அன்று ராத்திரி என் வீட்டில் தேத்தண்ணியும் ரொட்டியும் சாப்பிடும்போது, டிசம்பருக்குள் படம் தயார், பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டி முதல் காட்சி இங்கேதான் என்றீர்கள். நீங்கள் ஏமாற்ற வந்தவர்கள் என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

அப்புறம் அறிவிப்புகள். முதல் இரண்டு மாதத்தில் ஏழு வந்தன. இதோ பாருங்கள் கேமரா, இதோ பாருங்கள் பனி. பிறகு எப்போதாவது ஒன்று. 2022 அக்டோபரில் பதினொன்றாவது: "எடிட்டிங் மும்முரமாக நடக்கிறது, பெரிய செய்தியோடு விரைவில் சந்திப்போம்." அதோடு சரி. பெரிய செய்தியும் இல்லை, சின்னச் செய்தியும் இல்லை. அந்தப் பக்கத்தில் பணம் போட்டவர்கள் எழுதிய கேள்விகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆரம்பத்தில் "ஆவலோடு காத்திருக்கிறோம்". நடுவில் "ஏதாவது தகவல் உண்டா?" கடைசியில் ஒருவர் வெறும் கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். நான் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவை எல்லாம் நீல டிக் வாங்கின. 2023 பிப்ரவரியில் ஒரே ஒரு பதில்: "அண்ணா, மனசு சரியில்ல. கொஞ்சம் டைம் குடுங்க."

கொடுத்தேன். உண்மையாகவே கொடுத்தேன். இரண்டு மாதம் யாரையும் உங்களிடம் பேச விடவில்லை. மனசு சரியில்லாதவனிடம் போய்ப் படம் எங்கே என்று கேட்பது தர்மம் இல்லை என்று நானே எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் அதே ஏப்ரலில் உங்கள் இன்ஸ்டாகிராமில் கல்யாண வீடியோக்கள் வர ஆரம்பித்தன. நல்ல வீடியோக்கள். பிழைப்புக்கு வேலை செய்வது தப்பில்லை. ஆனால் அங்கே தினமும் எழுதத் தெரிந்த கைக்கு இங்கே ஒரு வரி எழுத முடியாதா என்று எங்கள் ஆட்கள் கேட்டால், நான் என்ன பதில் சொல்ல?

தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவணப்படம் சொன்ன தேதிக்கு வராது என்பது இப்போது எனக்குத் தெரியும். என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். நாற்பது மணி நேரம் எடுத்ததை ஒன்றரை மணி நேரமாக்குவதற்கு எடுத்ததைவிடப் பல மடங்கு காலம் வேண்டும். பழைய கப்பல் காட்சி ஒன்று வேண்டுமென்றால் அதன் உரிமைக்குப் பணம் கேட்பார்கள். ஒலி சரியில்லை என்றால் திரும்பச் செய்ய வேண்டும். 6 லட்சத்தில் தளத்தின் கமிஷன், அதற்கு ஜிஎஸ்டி, கேமரா வாடகை, உங்கள் நாலு பேர் சாப்பாடு எல்லாம் போனால் மிச்சம் என்ன இருந்திருக்கும் என்று எனக்கும் கணக்குப் போடத் தெரியும். பணம் தீர்ந்துபோயிருக்கலாம். நீங்கள் நாலு பேரும் சண்டை போட்டுப் பிரிந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்போம். பச்சை இலைக்கு விலை விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் இது. நஷ்டம் எங்களுக்குப் புதிதில்லை.

வெளியூரில் பணம் போட்டு ஏமாந்த கதைக்குக்கூட எங்கள் ஊர் சாட்சி. 1880 வாக்கில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். இந்த மலையைப் பார்த்தே இராத ஆட்கள் பணத்தைக் கொட்டினார்கள். இயந்திரங்கள் கப்பலேறி வந்தன. போட்ட பணத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. சில வருடத்தில் எல்லாம் காலி. தோண்டிய சுரங்கக் குழிகள் மட்டும் இன்றும் தேவாலா பக்கம் காட்டுக்குள் வாய் பிளந்து கிடக்கின்றன. அந்தப் பங்குக்காரர்களுக்குக்கூடத் தங்கம் இல்லை என்ற செய்தியாவது போய்ச் சேர்ந்தது.

இனி, இந்த மடலின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பணம் இல்லை, பெட்டி.

கிளம்பும்போது ஒரு அட்டைப் பெட்டியில் எங்கள் ஆட்களின் அசல் ஆவணங்களை எடுத்துப் போனீர்கள். என் கடையில் ஸ்கேனர் இருக்கிறது, இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இது போதாதுண்ணா, பெரிய திரையில போட்டா உடைஞ்சு தெரியும். சென்னையில நல்ல மெஷின்ல எடுத்துட்டு பத்து நாள்ல கூரியர்ல அனுப்பிடறோம்" என்றீர்கள். சரி என்று, அத்தாட்சிக்காக ஒவ்வொன்றையும் என் மெஷினில் ஒரு ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொண்டேன். 34 போட்டோ. 9 குடும்ப அட்டை. 3 பாஸ்போர்ட். ஒரு கப்பல் டிக்கெட். நுவரெலியாத் தோட்டம் ஒன்றின் சம்பளச் சீட்டு, நாலாக மடித்தது. பட்டியலின் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. தேதி 2022 மார்ச் 2.

பத்து நாள் என்றது மூன்றரை வருடம் ஆகப்போகிறது.

இது வெறும் பழைய காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். கொளப்பள்ளியில் ஒரு பையனுக்கு மேல்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. தாத்தா எந்த வருடம், எங்கிருந்து வந்தார் என்பதற்குச் சான்று அந்தக் குடும்ப அட்டைதான். அசலைக் கொண்டுவா என்றார்கள். அசல் உங்களிடம். நான் போட்ட ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு அலைந்தான். எப்படியோ வேறு காகிதங்களைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டான், ஆனால் அந்த வருடச் சேர்க்கை முடிந்த பிறகு. ஒரு வருடம் வீட்டிலிருந்தான். போன மாதம் எனக்கு அந்த லிங்கை அனுப்பியவன் அவன்தான்.

பெரியம்மா போன வருடம் ஆகஸ்டில், மழையோடு மழையாகப் போய்ச் சேர்ந்தார். நான் உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரையும் அவர் வீட்டுக்காரரையும் சேர்த்து வைத்துக் கும்பிட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். வீட்டுக்காரர் இங்கே வந்த நாலாம் வருடமே இறந்தவர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. கப்பல் ஏற வருவதற்கு முன்னால் ஹட்டனில் எடுத்தது, ஸ்டுடியோக்காரரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்பார், பக்கத்தில் நாற்காலியில் பெரியம்மா. அது உங்கள் பெட்டியில். என்னிடம் இருந்த ஜெராக்ஸைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். கறுப்புக் கறுப்பாகத்தான் வந்தது. கோட்டு தெரிந்தது, முகம் தெரியவில்லை. அதற்குத்தான் மாலை போட்டோம். மூத்த மகன் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பணம் போட்ட 412 பேருக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்படி இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் என்னைத்தான் கேட்கிறார்கள். முட்டைக்கார அக்கா இப்போது கேட்பதில்லை. ஜெராக்ஸ் எடுக்க வேறு கடைக்குப் போகிறார்.

உங்கள் மௌனத்தை நான் புரிந்துகொள்ளாமல் எழுதவில்லை. எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துத் தருவதாக ஒரு ஆர்டர் பிடித்தேன். கோயம்புத்தூரில் கொடுத்த இடத்தில் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள். திரும்ப அடிக்கக் கையில் காசில்லை. அந்த வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்தேன். முதல் நாள் வெட்கம். இரண்டாம் நாள் இன்னும் வெட்கம், ஏனென்றால் இப்போது முதல் நாள் ஒளிந்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் என் மனைவி போய் ஷட்டரைத் தூக்கிவிட்டார். அந்த ஆள் உள்ளே வந்து திட்டினார், நன்றாகவே திட்டினார், அப்புறம் "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று உட்கார்ந்தார். கடைசியில் தப்பை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக் கொடுத்தோம். கல்யாணம் நடந்தது. நீங்கள் அந்த ஷட்டருக்குப் பின்னால் மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பின்வாசல் வழியாகப் போய்ப் பக்கத்துத் தெருவில் புதுக்கடை திறந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, தளத்தை நடத்துகிறவர்களுக்கு.

உங்களுக்கு நான் ஆறு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறுக்கும் ஒரே பதில், ஒரு புள்ளி மாறாமல்: "நாங்கள் படைப்பாளியையும் ஆதரவாளரையும் இணைக்கும் தளம் மட்டுமே; ஆதரவாளருக்கு வாக்களித்த பரிசுகளை வழங்கும் பொறுப்பு படைப்பாளியுடையது." இணைத்ததற்குக் கமிஷன் வாங்கினீர்களே, அந்தக் கமிஷன் எதற்கு? கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்கத் தளம் 2009-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. அவர்களும் பணத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் திட்டத்தை முடிக்க முடியாமல் போனால் படைப்பாளி என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்: இதுவரை என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று பணம் போட்டவர்களுக்கு விளக்க வேண்டும், மிச்சப் பணம் இருந்தால் திருப்பித் தர முன்வர வேண்டும். உங்கள் விதிகளைப் பிரிண்ட் போட்டேன், பதினான்கு பக்கம் வந்தது. அதில் இப்படி ஒரு வரியை நானும் மகளும் தேடித் தேடிப் பார்த்தோம்.

எல்லாத் திட்டமும் மோசம் என்று சொல்ல வரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மோலிக் 2015-ல், கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்ட சுமார் 47,000 பேரின் பதில்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். சொன்ன பரிசைக் கொடுக்காமல் போன திட்டங்கள் நூற்றுக்கு 9. அப்படியென்றால் 91 பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்காகக் கொடுக்கிற அந்த 91 பேருக்காகவாவது நீங்கள் இந்த ஒன்பதைக் கவனிக்க வேண்டாமா? நாளைக்கு உண்மையான படைப்பாளி ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து நிதி கேட்டால், நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக நான் தயாராக இல்லை. வேறு யாரும் போகவும் மாட்டார்கள்.

சட்டத்தால் பெரிதாக என்ன நடந்துவிடும் என்றும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒருவர் பலகை விளையாட்டுத் தயாரிப்பதாக 1,246 பேரிடம் 1,22,000 டாலருக்கு மேல் வாங்கி வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் போட்டுவிட்டார். 2015-ல் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. கிரவுட் ஃபண்டிங் விஷயத்தில் அந்த ஆணையத்தின் முதல் வழக்கு அதுதான். பணத்தைக் கட்டச் சொல்லி உத்தரவும் வந்தது. ஆனால் கட்ட வசதியில்லை என்று அந்தத் தொகை நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் பணம் திரும்பும் என்ற கனவில் நான் இதை எழுதவில்லை.

எனக்கு வேண்டியது இவைதான்.

முதலில் பெட்டி. 34 போட்டோ, 9 குடும்ப அட்டை, 3 பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், சம்பளச் சீட்டு, ஒன்றும் குறையாமல் எனக்கு வந்து சேர வேண்டும். ஏதாவது தொலைந்திருந்தால் எது தொலைந்தது, யாருடையது என்று எழுதுங்கள்; அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன். சென்னையில் நல்ல மெஷினில் எடுத்ததாகச் சொன்ன ஸ்கேன் பிரதிகளையும் ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்புங்கள். பெரியம்மா வீட்டுப் போட்டோவை முதலில், தனியாக.

அடுத்து, பணம் போட்ட எல்லாரும் பார்க்கிற மாதிரி அதே பக்கத்தில் பன்னிரண்டாவது அறிவிப்பைப் போடுங்கள். படம் வருமா, வராதா? வரும் என்றால் இன்னும் என்ன வேலை பாக்கி, எப்போது வரும்? வராது என்றால் வராது என்று எழுதுங்கள். அதோடு 6,84,000 ரூபாய்க்கு வரவு செலவு. பில் எல்லாம் கேட்கவில்லை. கோயில் திருவிழா முடிந்ததும் ஊரில் நோட்டீஸ் அடித்து ஒட்டுவோமே, அந்த அளவுக்கு ஒரு கணக்கு. மிச்சம் ஏதாவது இருந்தால் முதலில் என் நோட்டில் இருக்கிற 61 பேருக்குக் கொடுங்கள். என் பெயரில் போட்ட இரண்டாயிரம் எனக்கு வேண்டாம்.

படம் வராது என்றால், எடுத்த காட்சிகளை அப்படியே எங்களிடம் கொடுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், இசை வேண்டாம். பெரியம்மாவும் மற்றவர்களும் பேசியது எவ்வளவு மணி நேரமோ அவ்வளவும் ஒரு ஹார்ட் டிஸ்கில். டிஸ்க் வாங்கிக் கொடுக்க நான் தயார். நீங்கள் பேட்டி எடுத்த பதினான்கு பேரில் ஐந்து பேர் இப்போது இல்லை. ஒரு பிரதி எங்கள் பிள்ளைகளுக்கு. இன்னொன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் வைத்துக்கொள்வார்களா என்று நானே கேட்டுப் பார்க்கிறேன். இதெல்லாம் முடியும்வரை பெரியம்மாவின் கையைப் புது வீடியோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கை உங்கள் விளம்பரத்துக்கு நீட்டப்பட்டதில்லை.

தளத்தாருக்கு: பழைய திட்டத்துக்குப் பதில் வரும்வரை இந்தக் குழுவின் புதுப் பிரச்சாரத்தை நிறுத்திவையுங்கள். நிறுத்த முடியாது என்றால், முந்தைய திட்டம் நிலுவையில் இருக்கிறது என்று புதுப் பக்கத்தின் மேலே, கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். திட்டம் நின்றுபோனால் படைப்பாளி கணக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியை உங்கள் பதினான்கு பக்கத்தில் எங்காவது சேருங்கள்.

அக்டோபர் 30 வரை பார்ப்பேன். ஒப்பந்தத்துக்கு 61 வருடம் ஆகிற நாள் அது. போன வருடம் அறுபதாவது வருடத்துக்காவது ஏதாவது வெளியிடுவீர்கள் என்று இங்கே சிலர் காத்திருந்தார்கள். அந்தத் தேதிக்குள் பெட்டி வரவில்லை என்றால் அடுத்த திங்கட்கிழமை ஊட்டிக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பேன். ஆவணங்களுக்காகப் போலீசில் ஒரு புகார், பணத்துக்காக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார். கூட வர ஒன்பது வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போகும், பரவாயில்லை என்கிறார்கள்.

நேரில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. யாரும் கை வைக்க மாட்டார்கள், திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் ஒவ்வொரு போட்டோவையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியைச் சுற்றிலும் தார்ப்பாய்த் துணி சுற்றி அனுப்புங்கள். இங்கே இன்னும் மழை விடவில்லை.

இப்படிக்கு,
பந்தலூர் பஜார் ஜெராக்ஸ் கடைக்காரன்